பழைய ஜீப்பின் என்ஜின் போய்விட்டதா? பிரித்துச் செய்வதா, வேறு மாற்றுவதா: முடிவெடுக்கும் வரிசை

மேடேறும்போது ஒரு எம்.எம். 540 நின்றுவிட்டால், அதைப் பட்டறைக்கு இழுத்து வருவதற்குள் மூன்று பேர் மூன்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். 'ஃபுல் என்ஜின் வேலை பார்த்துவிடலாம்' என்பார் ஒருவர். 'அந்தப் பியூஜோவைத் தூக்கிப் போட்டுவிட்டு டி.ஐ. வையுங்கள்' என்பார் இன்னொருவர் (பியூஜோ என்பது 540-இல் இருக்கும் பழைய என்ஜின், டி.ஐ. என்பது நேரடி இன்ஜெக்ஷன் என்ஜின்). 'எனக்குத் தெரிந்த இடத்தில் ஓடுகிற என்ஜின் ஒன்று இருக்கிறது' என்று மூன்றாமவர் போனை எடுப்பார். மூவரும் இன்னும் பானட்டைத் திறந்திருக்கமாட்டார்கள்.

இந்த வழிகாட்டி பழைய மஹிந்திரா டீசல் ஜீப்புகளை மனதில் வைத்து எழுதியது: எம்.எம். 540, 550, கமாண்டர், மேஜர், மார்ஷல் வகையறா. என்ஜின் பிரிக்கும் வேலையை அடியோடு கற்றுத்தரும் பாடம் இது அல்ல. எதை எதற்குப் பிறகு செய்தால் பணம் வீணாகாது என்பதுதான் இங்கே விஷயம். நான் பார்த்த நஷ்டங்களில் பெரும்பாலானவை தப்பான முடிவால் வந்தவை அல்ல, அளவெடுக்கும் முன் எடுத்த முடிவால் வந்தவை.

1. நின்ற இடத்திலேயே விடுங்கள்

என்ஜின் சத்தம் போட்டு நின்றதும் எல்லோரும் செய்வது, இன்னும் நான்கு தடவை சாவியைத் திருப்பிப் பார்ப்பது. பிறகு தள்ளி ஸ்டார்ட் செய்வது. இரண்டும் வேண்டாம்.

பேரிங் உருகிப் பிடித்திருந்தால், ஒவ்வொரு சுற்றும் கிராங்க்கில் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டில்) கோடு இழுக்கும். பத்து சைஸ் தேய்ப்பில் சரியாகியிருக்க வேண்டிய கிராங்க், முப்பது சைஸுக்குப் போய்விடும் (இந்த அளவுகளின் விளக்கம் ஆறாம் பகுதியில்). சில சமயம் தேய்க்கவே இடமில்லாமல் போகும்.

சூடாகி நின்றிருந்தால் ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். நன்றாக ஆறிய பிறகு ஊற்றலாம். கொதிக்கிற ஹெட்டில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். அதுவரை வெறும் கேஸ்கெட்டாக இருந்த செலவு ஹெட் செலவாகிவிடும்.

கியரை நியூட்ரலில் போட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸையும் நியூட்ரலில் வைத்து, கட்டி இழுத்து வாருங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

அசல் ஆர்.சி. புத்தகம். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிளாக்கில் குத்தியிருக்கும் என்ஜின் எண்ணைத் துடைத்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பு வைத்திருந்த யாரோ ஏற்கெனவே என்ஜினை மாற்றிவிட்டு எழுதாமல் விட்டிருப்பது பழைய ஜீப்புகளில் அதிசயமில்லை. எண் ஒத்துவரவில்லை என்றால் உங்கள் கணக்கு முழுவதும் மாறும். அதை ஏழாம் பகுதியில் சொல்கிறேன்.

அந்த என்ஜினுக்கான சர்வீஸ் மேனுவல். 'எல்லா டீசலும் ஒன்றுதான்' என்று சொல்கிற மெக்கானிக்கிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். போல்ட் முறுக்கு அளவும் பேரிங் இடைவெளியும் என்ஜினுக்கு என்ஜின் வேறு.

பிறகு, டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜ் (பெட்ரோல் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது), ஃபீலர் கேஜ், நேர்விளிம்புப் பட்டை, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகள், பெயிண்ட் மார்க்கர், போன் கேமரா. மைக்ரோமீட்டர் உங்களிடம் இல்லாவிட்டால் பரவாயில்லை, லேத் பட்டறையில் இருக்கும். ஒரு நோட்டும் வேண்டும். அளவுகளை அதில் எழுதாமல் மனதில் வைத்தவர் ஒருவரும் கடைசியில் சரியான எண்ணைச் சொன்னதில்லை.

3. செத்தது என்ஜின்தானா என்று பாருங்கள்

'என்ஜின் ஜாம்' என்று வந்த வண்டிகளில் சில, என்ஜினே தொடாமல் வீடு திரும்பியிருக்கின்றன. அதனால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரோ வாட்டர் பம்போ பிடித்திருந்தால் இப்போது தெரிந்துவிடும். ஸ்டார்ட்டர் பல் ஃப்ளைவீலில் சிக்கி நின்றாலும் என்ஜின் சுற்றாது, அதையும் கழற்றிப் பாருங்கள். அப்புறம் ஹீட்டர் பிளக் அல்லது இன்ஜெக்டர்களை நான்கு சிலிண்டரிலும் எடுத்துவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் நீண்ட பைப் ஸ்பேனரை மாட்டி மெதுவாகத் திருப்புங்கள். பிளக்கை எடுப்பதன் காரணம்: உள்ளே தண்ணீரோ டீசலோ நின்றிருந்தால் வெளியேற வழி வேண்டும். அடைத்த சிலிண்டரில் தண்ணீரை அழுத்தினால் கனெக்டிங் ராட் வளையும்.

சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், டீசல் லைனில் காற்று, ஃபீட் பம்ப், ஸ்டாப் கேபிள் (டீசலை அடைத்து என்ஜினை நிறுத்துவது), ஹீட்டர் பிளக் என்று வரிசையாகப் பாருங்கள். அதற்கெல்லாம் பிறகுதான் கம்ப்ரஷன் சோதனை.

கம்ப்ரஷன் பார்க்கும்போது பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். மெதுவாகச் சுற்றினால் நல்ல என்ஜினும் குறைவாகத்தான் காட்டும். தனித்தனி எண்ணைவிட நான்குக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் ஒரே மாதிரியும் ஒன்று மட்டும் பாதியும் என்றால் அது வால்வோ கேஸ்கெட்டோ ஒரு பிஸ்டனோ. நான்குமே சமமாகக் கீழே என்றால் தேய்மானம்.

பெட்ரோல் வண்டியில் செய்வதுபோல் சிலிண்டரில் ஆயில் ஊற்றி மறுபடி பார்க்கும் வழக்கம் டீசலுக்கு வேண்டாம். டீசலில் பிஸ்டனுக்கு மேலே மிச்சமிருக்கும் இடமே கொஞ்சம். ஆயில் அதை நிரப்பி, இல்லாத கம்ப்ரஷனைக் காட்டும்.

அதைவிட நல்ல வழி காற்று. பிஸ்டனை மேலே நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றை பிளக் துவாரம் வழியாக விட்டுக் காது கொடுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல். பஞ்சர் கடையிலிருந்து ஒரு ஹோஸ் இழுத்து வந்தால் போதும், பெரிய கருவி வேண்டாம்.

4. ஏன் செத்தது?

புதியவர்கள் அதிகம் தாவிப்போகும் படி இதுதான். எப்படிச் செத்தது என்பது எதெது பிழைத்திருக்கும் என்பதையும் சொல்லும்.

*சூடாகிச் செத்தது.* பாதிப்பு மேலிருந்து கீழே வரும்: ஹெட் வளையும், கேஸ்கெட் எரியும், பிறகு பிஸ்டன் லைனரில் (சிலிண்டரின் உள்சுவராக இருக்கும் குழாயில்) உரசும். கிராங்க் பெரும்பாலும் தப்பியிருக்கும். பியூஜோவின் அலுமினிய ஹெட் இதில் சீக்கிரம் வளையும். இப்படிச் செத்த என்ஜின் பொதுவாகப் பிரித்துச் செய்யத் தகுதியானது, பிளாக்கில் விரிசல் இல்லாதவரை.

*ஆயில் இல்லாமல் செத்தது.* பாதிப்பு கீழிருந்து மேலே போகும்: பேரிங், கிராங்க், கேம் ஷாஃப்ட். ஹெட் பளபளவென்று நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

*தூசு தின்று செத்தது.* ஏர் ஃபில்டருக்கு அடுத்த குழாயில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் செம்மண் வந்தால் ரிங்கும் லைனரும் அரைபட்டிருக்கும். பழைய ஜீப்பின் ஆயில் பாத் ஃபில்டரில் ஆயில் வற்றினாலோ ரப்பர் குழாய் வெடித்தாலோ இது நடக்கும். அந்தக் குழாயை மாற்றாமல் போட்ட புது என்ஜினும் அதே வழியில் போகும்.

*ஓடையில் இறங்கி நின்றது.* தண்ணீர் ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் போயிருக்கும். நீர் சுருங்காது, ராட் வளையும். தண்ணீரை வெளியேற்றி ஸ்டார்ட் செய்து 'ஓடிவிட்டது' என்று மகிழ்வதில்தான் ஆபத்து. லேசாக வளைந்த ராட் சில வாரம் ஓடி, பிறகு உடைந்து பிளாக்கைத் துளைத்து வெளியே வரும். ஹெட்டைக் கழற்றியதும் நான்கு பிஸ்டனும் உச்சியில் ஒரே உயரத்துக்கு வருகின்றனவா என்று அளந்தால் கண்டுபிடிக்கலாம். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அந்த ராட் வளைந்திருக்கிறது.

சம்ப் (என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஆயிலையும் வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். பால் காபி நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு கூடி, நீர்த்து, டீசல் வாசம் அடித்தால் ஃபீட் பம்ப் டயஃப்ரம் கிழிந்து டீசல் இறங்கியிருக்கலாம். மினுமினுவென்று செம்பு நிறத் துகள் என்றால் பேரிங் தின்றுவிட்டது.

5. ஹெட்டும் சம்ப்பும் திறக்கும் வரை எதையும் வாங்காதீர்கள்

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, வண்டி நின்ற மூன்றாம் நாளே பழைய டி.ஐ. என்ஜின் ஒன்றை வாங்கி வந்து இறக்கினான். பிறகு பிரித்துப் பார்த்தால் அவனுடைய பியூஜோவில் கேஸ்கெட்டும் ஒரு வால்வும்தான் போயிருந்தன. அது சரியாகி இன்றும் ஓடுகிறது. டி.ஐ. இன்னும் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.

ஹெட்டைக் கழற்றும்போது போல்ட்டுகளை வெளியிலிருந்து உள்ளாக, சிறிது சிறிதாக, இரண்டு மூன்று சுற்றில் தளர்த்துங்கள். ஒரே மூச்சில் ஒரு பக்கத்தை எடுத்தால், நேராக இருந்த ஹெட்டும் வளையும். எந்தப் புஷ் ராட் எந்தத் துளையில் இருந்தது என்று அட்டையில் குத்தி வையுங்கள். அவை ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை, இடம் மாறக்கூடாது.

நேர்விளிம்பை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.1 மி.மீ. தாராளமாக நுழைந்தால் ஃபேசிங் வேண்டும். டீசல் ஹெட்டை இஷ்டத்துக்கு வழிக்க முடியாது. வழித்தால் வால்வு பிஸ்டனை நெருங்கும். எவ்வளவு வழிக்கலாம் என்பதை மேனுவலில் பார்த்துவிட்டு அனுமதியுங்கள்.

லைனரின் மேல் விளிம்பில் நகத்தால் தடவுங்கள். ரிங் திரும்பும் இடத்தில் படி தட்டினால் தேய்மானம் உண்டு. பிறகு சம்ப்பை இறக்கி, ஒரு மெயின் பேரிங்கையும் ஒரு ராட் பேரிங்கையும் திறந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் நல்லது. செம்பு தெரிந்தால் கிராங்க் வெளியே வர வேண்டும்.

6. லேத்துக்கு அனுப்புவது அளக்க மட்டும்

இதைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்: 'இப்போதைக்கு அளந்து மட்டும் சொல்லுங்கள், எதையும் தேய்க்க வேண்டாம்.' இல்லாவிட்டால் மறுநாளே போர் அடித்து (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி) வைத்திருப்பார்கள். அப்புறம் முடிவெடுக்க என்ன இருக்கிறது?

கேட்க வேண்டியவை: பிளாக்கில் விரிசல் இருக்கிறதா, தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்களா? மெயின் பேரிங் இருக்கைகள் நேர்கோட்டில் இருக்கின்றனவா? லைனர் இருக்கை அரித்திருக்கிறதா? கிராங்க் ஏற்கெனவே எந்த சைஸில் இருக்கிறது, இன்னும் எத்தனை சைஸ் மிச்சம்? கிராங்க்குக்கு கிராக் டெஸ்ட் செய்தார்களா? ராட்கள் நேரா? ஹெட்டில் வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் உண்டா?

பேரிங் பத்து, இருபது, முப்பது என்று வரும். பத்து என்பது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு, அதாவது சுமார் 0.25 மி.மீ. ஏற்கெனவே முப்பதில் இருக்கும் கிராங்க் கோடு போட்டிருந்தால், வேறு கிராங்க் தேட வேண்டியதுதான்.

இங்கே என் சொந்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை கிராங்க்கை இருபதுக்குத் தேய்த்து வாங்கிய பிறகுதான் அந்த என்ஜினுக்கு இருபது சைஸ் பேரிங் தேடினேன். கிடைக்கவில்லை. முப்பதுதான் இருந்தது. நல்ல இரும்பை வீணாக இன்னொரு தடவை தேய்த்தேன். பேரிங் செட் கைக்கு வந்த பிறகே கிராங்க்கைக் கொடுங்கள். பிஸ்டனும் அப்படியே: பிஸ்டனை லேத்தில் கொண்டுபோய் வைத்து, அதை அளந்து போர் அடிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி அடித்தால் ஒன்று இறுகும், அல்லது ஆடும்.

7. ஆர்.சி.யும் சட்டமும்

மெக்கானிக் வேலையை முடித்துவிட்டு இதைப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். பல பேருடைய முடிவை இதுதான் தீர்மானிக்கும்.

என்ஜின் எண் பிளாக்கில் இருக்கிறது. கிராங்க், பிஸ்டன், லைனர், ஹெட் எல்லாம் மாறினாலும் பிளாக் அதேதான் என்றால் ஆர்.சி.யில் ஒரு எழுத்தும் மாறாது. பிளாக் மாறினால் எண் மாறும். எழுதித்தான் ஆக வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. என்ஜினை மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் பிரிவு 52-இல் இருக்கிறது.

நடைமுறையில் இதன் பொருள்: அதே மாதிரி என்ஜினுக்கு அதே மாதிரி என்ஜின் என்றால் வழி உண்டு, பில்லும் மூலமும் சரியாக இருந்தால். வேறு சி.சி., வேறு மாதிரி என்றால், என்ஜின் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போய், 'இந்த வண்டிக்கு இந்த என்ஜின் எழுதித்தருவீர்களா' என்று கேளுங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்று இடைத்தரகர் சொல்வது பதில் அல்ல.

பழைய ஜீப்புக்கு இது கூடுதல் முக்கியம். சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்தபின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், மஞ்சள் போர்டு பழைய வண்டிக்கு எஃப்.சி. வருடாவருடம். ஒவ்வொரு முறையும் என்ஜின் எண்ணைப் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் பார்ப்பார்.

பழைய எண்ணை வேறு பிளாக்கில் குத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது குற்றம்.

8. இப்போது முடிவு

வழி இரண்டல்ல, மூன்று: உங்கள் என்ஜினையே செய்வது, அதே மாதிரி இன்னொன்று வைப்பது, வேறு மாதிரி வைப்பது. நான் தேர்ந்தெடுப்பது இப்படி.

பிளாக் நல்லது, கிராங்க்கில் இன்னும் ஒரு சைஸாவது மிச்சம், பிஸ்டன் லைனர் செட்டும் பேரிங்கும் கண்ணால் பார்த்துக் கையில் வாங்கக் கிடைக்கின்றன: பிரித்துச் செய்யுங்கள், யோசிக்கவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரிந்த ஒரே என்ஜின் அதுதான்.

பிளாக் நல்லது, கிராங்க் போய்விட்டது: இன்னொரு பழைய என்ஜினை உதிரிக்காக வாங்கி, அதன் கிராங்க்கை உங்கள் பிளாக்கில் போடுங்கள். எண் மாறாது. பலருக்கு இந்த வழி நினைவுக்கே வருவதில்லை.

ராட் பிளாக்கைத் துளைத்துவிட்டது, அல்லது விரிசல் லைனர் இருக்கையிலோ மெயின் பேரிங் பக்கமோ இருக்கிறது: அதே மாதிரி என்ஜின். தண்ணீர் ஓடும் வெளிச்சுவரில் மட்டும் சின்ன விரிசல் என்றால் தைத்து ஒட்டும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கைவிடுங்கள். வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டிங் மட்டும் வேண்டாம், ஆறும்போது பக்கத்தில் புது விரிசல் ஓடும்.

வேறு மாதிரி என்ஜின்: பாகம் கிடைக்கவே இல்லை என்றால் மட்டும், ஆர்.டி.ஓ. பதில் கையில் இருந்தால் மட்டும். 'பிக்கப் பத்தவில்லை' என்பது இதற்குக் காரணம் ஆகாது. பாதி ஜீப்புகளில் அது நாசிலும் பம்ப்பும் சரியில்லாததன் விளைவு.

9. வேறு மாதிரி என்ஜின் என்றால், வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

எல்லோரும் கேட்பது 540-இன் பியூஜோவுக்கு, அதாவது 2112 சி.சி. எக்ஸ்.டி.பி. 4.90-க்குப் பதில், டி.ஐ. என்று சொல்லப்படும் 2523 சி.சி. எம்.டி.ஐ. வைப்பதைப் பற்றித்தான். எம்.டி.ஐ. நேரடி இன்ஜெக்ஷன், கீழ் வேகத்திலேயே இழுக்கும், பொலேரோவிலும் ஓடிய குடும்பம் என்பதால் பாகம் எங்கும் கிடைக்கும். எல்லாம் உண்மை. ஆனால் குணம் வேறு. பியூஜோவின் போர் (சிலிண்டர் விட்டம்) 90, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 83 மி.மீ. எம்.டி.ஐ.யின் போர் 88.9, ஸ்ட்ரோக் 101.6. நீண்ட ஸ்ட்ரோக் என்ஜின் மெதுவாகச் சுற்றி இழுப்பது. அதை விரட்டக்கூடாது.

இங்கேதான் பின் ஆக்சில் பல் விகிதம் வருகிறது, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஆக்சிலுக்கு வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. டயர் ஒரு சுற்றில் 2.2 மீட்டர் போகிறது என்று வையுங்கள். மணிக்கு 60 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர், டயர் சுமார் 455 சுற்று. டாப் கியர் நேரடி என்றால், 5.38 ஆக்சிலில் என்ஜின் ஏறக்குறைய 2,450 சுற்றும். 80 கி.மீ.யில் 3,260. எம்.டி.ஐ. அங்கே அலறும். 4.27 ஆக்சிலில் அதே 80-க்கு சுமார் 2,590 தான். ஆக்சிலை மாற்றுவதானால் ஃபோர் வீல் வண்டியில் முன்னும் பின்னும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஃபோர் வீல் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். உங்கள் ஆக்சிலின் எண்ணைப் பற்களை எண்ணிப் பாருங்கள், வாய்வழித் தகவல் வேண்டாம்.

அடுத்து சம்ப். முன் ஆக்சில் என்ஜினுக்குக் கீழே ஏறி இறங்குகிறது. தரையில் நிற்கும்போது இடம் இருந்தால் போதாது. ஸ்பிரிங் முழுதாக அமுங்கி பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும்போதும் சம்ப்புக்கும் ஆக்சிலுக்கும் இடையே இரண்டு விரல் இடம் வேண்டும். இல்லாவிட்டால் முதல் குழியில் சம்ப் உடையும்.

பிறகு சில்லறை போலத் தெரிந்து பணம் தின்பவை: பெல் ஹவுசிங் பொருந்துமா, கியர் பாக்ஸ் ஷாஃப்ட் நுனி உட்காரும் ஃப்ளைவீல் பேரிங்கின் அளவு சரியா, கிளட்ச் பிளேட்டின் பல் எண்ணிக்கை ஒத்ததா, என்ஜின் மவுண்ட் எந்த இடத்தில், ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் இடைவெளி, ஆக்சிலரேட்டர் கேபிள், சைலன்சர் வளைவு, ஆயில் பிரஷர் சென்சார். சர்வோ பிரேக் உள்ள வண்டி என்றால் ஆல்டர்னேட்டர் பின்னால் வேக்குவம் பம்ப் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். டீசலில் அது இல்லாமல் சர்வோ வேலை செய்யாது.

சி.ஆர்.டி.இ. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும்) என்ஜின் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கம்ப்யூட்டர், முழு வயரிங், சென்சார், பெடல் எல்லாம் சேர்ந்த ஒரு வண்டியையே உள்ளே வைக்க வேண்டும். ஓடை கடக்கும் வண்டியில் அது எனக்கு உடன்பாடில்லை.

10. பழைய என்ஜின் வாங்கும்போது

சென்னை புதுப்பேட்டையோ கோவை உக்கடமோ, எங்கே போனாலும் தனியாகப் போகாதீர்கள், அவசரத்தோடும் போகாதீர்கள்.

முதல் கேள்வி விலை அல்ல, காகிதம். எந்த வண்டியிலிருந்து எடுத்தது, அதன் ஆர்.சி. ரத்தான நகல் உண்டா, எண் போட்ட பில் தருவாரா? எண் இருக்கும் இடம் அரைத்தோ புதிதாகப் பெயிண்ட் அடித்தோ இருந்தால் திரும்பிவிடுங்கள். திருட்டு வண்டியின் என்ஜின் உங்கள் ஜீப்பில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஓட்டிக் காட்டுகிறேன் என்றால், போனதும் பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறட்டும் என்று டீ குடித்துவிட்டு வாருங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்தான் உண்மையைச் சொல்லும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, பிரீதரில் (என்ஜினின் உள்காற்று வெளியேறும் குழாயில்) எவ்வளவு புகை தள்ளுகிறது என்று பாருங்கள்.

முழு செட்டாக வாங்குங்கள்: பம்ப், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஃப்ளைவீல், பெல் ஹவுசிங், மவுண்ட், பிராக்கெட், புல்லி. இல்லாவிட்டால் பிறகு ஒரு பிராக்கெட்டுக்காக இன்னொரு முறை பஸ் ஏறிப் போவீர்கள், அன்றைக்கு அதன் விலையே வேறாக இருக்கும்.

வாங்கி வந்ததை அப்படியே மாட்டாதீர்கள். சம்ப்பைத் திறந்து பேரிங் பாருங்கள், ஹெட் கேஸ்கெட்டும் ஆயில் சீல்களும் மாற்றுங்கள். வெளியே இருக்கும்போது அரை நாள் வேலை, உள்ளே போன பிறகு இரண்டு நாள்.

11. பணக்கணக்கு

விலைகளை இங்கே எழுதப்போவதில்லை, ஊருக்கு ஊர் மாறும். கணக்கு போடும் விதம் மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு வழிக்கும் தனிப் பக்கம். பாகம், லேத், கூலி, பம்ப் மற்றும் நாசில் வேலை, ரேடியேட்டர், கிளட்ச், ஆயில், வண்டி இழுத்த கூலி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 'மொத்தமா இவ்வளவு' என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

வந்த கூட்டுத்தொகையில், பிரித்துச் செய்வதற்கு மேலே மூன்றில் ஒரு பங்கு சேர்ப்பேன். வேறு மாதிரி என்ஜினுக்குப் பாதி சேர்ப்பேன். இது என் அனுபவக் கணக்கு. பழைய என்ஜின் மலிவாகத் தெரிவது, அதைத் திறந்து பார்க்கும் செலவை யாரும் எழுதாததால்தான்.

வண்டி நிற்கும் நாட்களையும் எழுதுங்கள். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்கு அதுவே பெரிய செலவு. அப்படிப்பட்டவருக்கு, தரமான அதே மாதிரி என்ஜின் ஒன்று கிடைத்தால், அதை மாட்டி ஓட்டிக்கொண்டே சொந்த என்ஜினை நிதானமாகச் செய்துகொள்வது நியாயமான முடிவு. என்ஜினை ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஆர்.சி. வேலையை விட்டுவிடக்கூடாது, அவ்வளவுதான்.

12. பிரித்துச் செய்யும்போது சறுக்கும் இடங்கள்

ஆயில் போகும் துளைகளைச் சுத்தம் செய்யாமல் மாட்டுவது முதல் தவறு. லேத்திலிருந்து வரும் பிளாக்கிலும் கிராங்க்கிலும் இரும்புப் பொடி இருக்கும். அடைப்பு மூடிகளைத் திறந்து, பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்து ஊதுங்கள். புது பேரிங்கை முதல் ஐந்து நிமிடத்தில் கொல்வது இந்தப் பொடிதான்.

புது பேரிங்கோடு பழைய ஆயில் பம்ப்பைப் போடுவது இரண்டாவது. பம்ப் பல்லையும் மூடியையும் அளந்துவிட்டுப் போடுங்கள்.

ஈர லைனர் (வெளிப்புறத்தில் தண்ணீர் நேராகப் படும் லைனர்) உள்ள என்ஜினில் லைனர் பிளாக்குக்கு மேலே எவ்வளவு நிற்க வேண்டும் என்று மேனுவல் சொல்லும். நான்கும் சமமாக, அந்த அளவில் நிற்க வேண்டும். ஒன்று தாழ்ந்தால் கேஸ்கெட் அந்த இடத்தில் பிடிக்காது. அதை அளக்காமல் மாட்டிவிட்டு கேஸ்கெட் கம்பெனியைத் திட்டுவார்கள்.

ரிங் வாய்களை ஒரே நேராக வைக்காதீர்கள். ஒவ்வொரு ரிங்கையும் லைனருக்குள் விட்டு இடைவெளி பார்த்த பிறகே பிஸ்டனில் மாட்டுங்கள்.

ரேடியேட்டரைப் பழையபடியே மாட்டுவது எல்லாவற்றிலும் பெரியது. சூடாகிச் செத்த என்ஜினைச் செய்துவிட்டு ரேடியேட்டரை ராடிங் (குழாய்களில் கம்பி விட்டு அடைப்பு எடுப்பது) செய்யாமல், தெர்மோஸ்டாட் மாற்றாமல் விட்டவர், அதே பட்டறைக்கு அதே மாதிரி இழுத்துக்கொண்டு வந்தார். மெக்கானிக்கின் மேல்தான் பழி விழுந்தது.

13. முதல் ஸ்டார்ட்டும் முதல் 500 கிலோமீட்டரும்

டீசலை நிறுத்தி வைத்து, ஆயில் பிரஷர் முள் ஏறும் வரை ஸ்டார்ட்டரில் சிறு சிறு தவணையாகச் சுற்றுங்கள். முள் ஏறாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஓடியதும், ஸ்டாப் கேபிள் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏர் இன்லெட்டை மூட ஒரு தட்டைப் பலகையும் பக்கத்தில் இருக்கட்டும். பம்ப் தப்பாக மாட்டியிருந்தால் டீசல் என்ஜின் கட்டுக்கு மீறி ஏறும், அப்போது காற்றை அடைப்பதுதான் வழி. கையால் அடைக்கப் போகாதீர்கள்.

அப்புறம் மணிக்கணக்கில் ஐடிலில் விடும் பழக்கம். 'ரன்னிங் இன்' என்று நினைத்து ஒரு நாள் முழுக்க நின்ற இடத்தில் ஓட்டுவார்கள். லோடு இல்லாமல் ஓடினால் ரிங் லைனரோடு பழகாது, லைனர் கண்ணாடியாகி ஆயில் தின்ன ஆரம்பிக்கும். கசிவு பார்த்துவிட்டு ரோட்டில் இறக்குங்கள். மிதமான லோடில், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். மலையை முதல் வாரம் தவிர்க்கலாம்.

500 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து பாருங்கள். கொஞ்சம் மெல்லிய பொடி இருந்தால் சகஜம். நகத்தில் எடுக்கிற அளவு துண்டு இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். டாப்பெட் இடைவெளியைச் சரிபாருங்கள், மேனுவல் சொன்னால் ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்குங்கள். அதற்குப் பிறகு ஏறலாம். வால்பாறையின் 40 வளைவுகளில் முதல் பத்தை ஏறியதும் நிறுத்தி, சூட்டு முள்ளையும் சம்ப்புக்குக் கீழே தரையையும் பார்த்துவிட்டு மீதியை ஏறுங்கள்.